வண்டியில பேசுனது

பனியனைப் பாத்துத்தான கேக்கறீங்க தம்பி? கேளுங்க, தப்பில்லீங்க. இந்தப் பேரை நெஞ்சுல போட்டுட்டு பஸ்சு ஏறுனா கேக்கத்தான் செய்வாங்க. நேத்து போகும்போது ஒட்டன்சத்திரத்துல தக்காளிக் கூடையோட ஏறுன ஒருத்தரு கேட்டாரு. இன்னிக்கு நீங்க கேக்கறீங்க. ஆளு மாறுது, கேள்வி மட்டும் மாறலீங்க. 'பதினாலு மேட்சுல பதினொண்ணு தோத்தாங்களே, அந்தக் கோயமுத்தூரு பாஸ்கட்பால் டீமுதான? மேனேஜ்மெண்ட்டுதான கெடுத்துச்சு?'

ஆமாங்க. மேனேஜ்மெண்ட்டுதான். எனக்கு அதுல துளி சந்தேகமில்லீங்க. இல்லாமயா இந்த வயசுல நூத்தம்பது மைலு போயிட்டு வரேன்?

நான் ஆருன்னு சொல்லவே இல்லையே. நாச்சிமுத்துங்க. சிங்காநல்லூரு. அந்த டீமுக்கு வேன் ஓட்டுனவன். கம்பெனி பேரு என் வாயால வேண்டாம், பம்ப்செட்டு செய்யற கம்பெனி, அவ்வளவு போதும். அங்க இருபத்தெட்டு வருசம் ஸ்டியரிங்கு புடிச்சவன். இப்ப ராயப்பன்பட்டி போயி நம்ம கேப்டன் ஜெரோமைப் பாத்துட்டு வரனுங்க. இந்த ஜன்னலோர சீட்டு அவன் புடிச்சுக் குடுத்ததுதான். இந்தத் தண்ணி பாட்டலும் அவன் வாங்குனதுதான்.

சும்மா போகலீங்க. ஒரு சோலியாத்தான் போனேன். டீமை மறுபடியும் ஆரம்பிக்கறாங்க. கோச்சு வேலைக்கு மூணு பேரு பேரு எழுதி வச்சிருக்காங்க, அதுல நம்ம ஜெரோமும் ஒண்ணு. இன்னிக்கு மூணு மணிக்கு மீட்டிங்கு. அதுக்கு முன்னால எங்க ஜி.எம். ஸ்ரீவத்சன் சார் எனக்குப் போன் பண்ணுவாரு. 'நாச்சிமுத்து, ஜெரோமுக்கு நம்ம மேல இன்னும் கோவம் இருக்கான்னு மட்டும் சும்மா தெரிஞ்சுட்டு வாங்க. கோவம் இருந்தா வேண்டாம், இல்லைன்னா கூப்பிட்டுக்கலாம்'னு சொல்லி அனுப்பிச்சாரு. பாருங்க, எட்டாங்கிளாசு முடிக்காதவன் நானு. ஒரு கேப்டனுக்கு வேலை குடுக்கறதா வேண்டாமான்னு என்கிட்டக் கேட்டுத்தான் முடிவு பண்றாங்க.

என்னங்க? ஜி.எம்.தான மேனேஜ்மெண்ட்டுங்கறீங்களா? அய்யோ, இல்லீங்க. ஸ்ரீவத்சன் சார் தங்கமான மனுசன். மேனேஜ்மெண்ட்டுன்னா அவரு இல்லீங்க. மேனேஜ்மெண்ட்டுன்னா... மேனேஜ்மெண்ட்டுங்க. மேல இருக்கறவங்க. மூணாவது மாடி. ஜி.எம். ரெண்டாவது மாடிதானுங்க.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். பழனி வர நேரமிருக்கு.

எட்டு ஊரு, எட்டு டீமுன்னு புதுசா ஒரு லீக்கு ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாலயும் கம்பெனியில டீமு இருந்துச்சு. பகல்ல மோட்டாரு பூட்டுவாங்க, சாயங்காலம் பந்தாடுவாங்க. லீக்குல அப்படியில்லீங்க. ஆடறதுதான் வேலை. பசங்களை நாலு திக்குல இருந்தும் புடிச்சுட்டு வந்தாங்க. ராயப்பன்பட்டி ஜெரோம், உத்தமபாளையத்து அப்பாசு, பஞ்சாப்புல இருந்து ஒரு பையன், குர்ஜோத்துன்னு பேரு, ஆறே முக்கால் அடி. வேன்ல ஏறுறப்ப அவனை மடிச்சுத்தான் ஏத்தோணும். நாங்க குருன்னு கூப்பிடுவோம். பதினேழு சீட்டு வேன். அவனுக்காக ரெண்டாவது சீட்டைக் கழட்டி நானே பின்னால தள்ளிப் போட்டேன், காலு நீட்ட.

அந்த வேன்ல இருந்த சத்தம் இருக்குதுங்களே! சந்தைக்கடை தோத்துப்போகும். ஒருத்தன் கதை சொல்லுவான், ஒருத்தன் அவனை ஓட்டுவான், ஒருத்தன் பொண்ணு பாக்கப் போன எடத்துல கெடைச்ச அவமானத்தைச் சொல்லி அழுவான், எல்லாரும் சிரிப்பாங்க. எதைப் பேசுனாலும் கடைசில என்னையும் இழுத்துருவாங்க. 'நாச்சிண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, இது நாயமா?'ம்பான் ஜெரோமு. அவனுக்கு அப்பவே முப்பத்தி ரெண்டு வயசு, நாலு விடலைகளுக்கு அப்பன் மாதிரி. குருவுக்குத் தமிழு சொல்லிக் குடுத்ததும் அந்த வேன்லதான். 'வலது', 'எடது', 'வந்துட்டான்', 'நான் இருக்கேன்'. இந்த நாலு வார்த்தைதான். போற வழியெல்லாம் ஜெரோம் கேப்பான், குரு கத்துவான். லாரிக்காரன் முந்திட்டுப் போனாக்கூட குரு 'வலது, வந்துட்டான்!'ம்பான். நான் சிரிச்சு வண்டி ஆடும்.

அந்த வார்த்தை எதுக்குன்னா, அந்த ஆட்டத்துல ஒரு வித்தை இருக்குதுங்க. நீங்க ஒருத்தனைத் தொரத்திட்டு ஓடுவீங்க, எதிரி டீமுக்காரன் இன்னொருத்தன் உங்க கண்ணு படாத பக்கத்துல வந்து செவுரு மாதிரி நிப்பான். உங்களுக்குத் தெரியாது. கூட ஆடறவன்தான் கத்தோணும். கத்துலைன்னா போயி மோதுவீங்க. ஜெரோம் சொல்லுவான், 'கண்ணு பந்து மேல, காது கூட்டாளி மேல'ன்னு. மொத வருசம் அவங்க ஆடறப்ப நான் வெளிய வேன்ல உக்காந்துட்டே கேப்பனுங்க, உள்ள பூரா நம்ம பசங்க சத்தம்தான். அந்த வருசம் செமி பைனல் வரைக்கும் போனோம். அது ஆருக்கும் ஞாபகமில்லீங்க. பதினொண்ணு தோத்ததுதான் ஞாபகம்.

ரெண்டாவது வருசம்தான் ஸ்ரீவத்சன் சார் வந்தாரு. மொத மேட்சு முடிஞ்ச அடுத்த நாளு பியூன் வந்து, 'டிரைவரே, ஜி.எம். மேல வரச் சொல்றாரு'ன்னான். வண்டியில கீறல் விட்டுட்டமான்னு போயி நிக்கறேன். அவரு எந்திரிச்சு, 'உக்காருங்க நாச்சிமுத்து'ன்னாரு.

இதை நீங்க கவனிக்கோணுமுங்க. இருபத்தெட்டு வருசத்துல அந்தக் கட்டடத்துக்குள்ள என்னை ஆரும் உக்காரச் சொன்னதில்லை. டிரைவருன்னா நிக்கறவன். வண்டிக்குள்ள மட்டுந்தான் உக்காருவான். அன்னிக்கு ஏ.சி. ரூமுல, மெத்தை வச்ச நாற்காலியில, வெள்ளைக் கோப்பையில டீ. 'பசங்க எப்படி இருக்காங்க? சந்தோசமா இருக்காங்களா? நான் கேட்டா சொல்ல மாட்டாங்க. நீங்கதான் அவங்ககூடவே இருக்கீங்க'ன்னாரு. எவ்வளவு தன்மையான மனுசன் பாருங்க.

நானும் சொன்னனுங்க. ஓட்டல் சாப்பாடு பசங்களுக்கு ஒத்துக்கல, குழம்புல எண்ணெய் மெதக்குதுன்னு வேன்ல பொலம்புறாங்கன்னு. அடுத்த வாரமே சமையல்காரம்மாவை வச்சுட்டாரு. ஆரால நடந்துச்சு? என்னால. பசங்ககிட்ட நான் சொல்லலீங்க. சொல்லிக்காட்டறது என் பழக்கமில்லை.

அப்புறம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் டீதான். நான் எதையும் கூட்டிச் சொன்னதில்லை, கொறைச்சுச் சொன்னதில்லை. காதுல விழுந்ததை விழுந்தபடி சொல்லுவேன். என் காது அப்படிங்க. பேரிங்கு தேயறதை நாலு நாளைக்கு முன்னாலயே சொல்லிப்போடுவேன். அப்பாசு முட்டியில வலியை மறைச்சுட்டு ஆடறானுங்க, வேன்ல ஐசு கட்டி வச்சுட்டு 'ஆருகிட்டயும் சொல்லாதீங்கடா'ங்கறான்னு சொன்னேன். அவனுக்கு நல்லதுதான? டாக்டருகிட்டக் காட்டுவாங்கன்னு நெனச்சேன். டாக்டருகிட்டயும் காட்டுனாங்க. அதோட ரெண்டு மேட்சு அவனை வெளிய உக்கார வச்சு, அடுத்த வருசத்துக்கு எடுக்க மாட்டோம்னும் சொல்லிட்டாங்க. அது மேனேஜ்மெண்ட்டு பண்ணுன வேலைங்க. மூணாவது மாடி. நானும் ஜி.எம். சாரும் என்ன பண்ண முடியும்?

கண்டக்டரு டிக்கெட்டு கேக்கறாரு பாருங்க. என்னுது எடுத்தாச்சுங்க. ஆமா, அதுவும் ஜெரோம்தான்.

மொத நாலு மேட்சுல மூணு ஜெயிச்சோமுங்க. நாலாவது போச்சு. தோத்துட்டு வரும்போது வேன்ல எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுப் பொட்டாட்டம் உக்காந்திருந்தாங்க. அப்ப ஜெரோம் ஒண்ணு சொன்னான். 'டேய், நம்ம ஜி.எம்.மைக் கொண்டாந்து மைதானத்து நடுவுல நிறுத்தி, சார், இதுல எந்தக் கூடை நம்முதுன்னு கேட்டா என்னடா சொல்லுவாரு? ரெண்டுமே கம்பெனி காசுல வாங்குனதுதானேம்பாரு!' வேனே சிரிச்சுதுங்க. குருவுக்குப் புரியாம, புரிஞ்ச மாதிரி சிரிச்சான். நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டுச் சிரிச்சேன். தோத்த துக்கம் அந்த ஒரு பேச்சுல போயிருச்சு. அதுக்குத்தான் அவன் சொன்னது.

திங்கக்கிழமை ஜி.எம். சார் மொகம் வாடிக் கெடந்துச்சு. மேல ஏதோ திட்டு வாங்கியிருக்காரு. எனக்குப் பாவமா இருந்துச்சுங்க. மனுசனைச் சிரிக்க வைக்கலாமேன்னு அதைச் சொன்னேன். அவரும் சிரிச்சாரு! நல்லாத்தான் சிரிச்சாரு. 'ஆரு சொன்னது?'ன்னாரு. 'நம்ம கேப்டனுங்க, வாயாடிங்க அவன்'னேன். 'நல்லாப் பேசறாரு'ன்னாரு. டீ குடிச்சோம். வந்துட்டேன்.

பத்து நாளு கழிச்சு, சம்பந்தமே இல்லாம, ஜெரோமுக்கு லெட்டரு வந்துருச்சுங்க. இளம் ஆட்டக்காரங்களை வச்சு டீமைப் புதுசா கட்டறோம், ரொம்ப நன்றி, வணக்கம்னு. கேப்டனை! நடு சீசன்ல! பேப்பருல எல்லாம் திட்டி எழுதினாங்க. ரசிகருங்க கம்பெனி கேட்டுக்கிட்ட வந்து 'மேனேஜ்மெண்ட்டே வெளிய போ'ன்னு அட்டை புடிச்சாங்க. நானுந்தான் அன்னிக்கு ஜி.எம். சாருகிட்டயே கேட்டேன், என்னங்க சார் இப்படின்னு. 'என் கையில இல்லை நாச்சிமுத்து'ன்னாரு. அவரு கையில இல்லைங்க. பாவம்.

ஜெரோமை பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி விட்டவனும் நாந்தான். பதினேழு சீட்டு வேன்ல நாங்க ரெண்டே பேரு. எப்பவும் எனக்குப் பக்கத்துல முன்னாலதான் உக்காருவான். அன்னிக்குக் கடைசி சீட்டுல போயி உக்காந்தான். பைக ரெண்டும் அங்க இருந்துச்சு, அதனாலயா இருக்கும்.

அதுக்கப்புறந்தானுங்க ஒரு விசேசம் நடந்துச்சு. வேன்ல பேச்சே நின்னுபோச்சு. ஏறுவாங்க, காதுல வயரை மாட்டிக்குவாங்க, கண்ணை மூடிக்குவாங்க. 'என்ன தம்பிகளா, தூக்கமா?'ன்னா, 'ம்.' 'பாட்டுப் போடட்டுங்களா?'ன்னா, 'சரிண்ணே.' அவ்வளவுதான். இந்தப் போனு வந்து பசங்களை எப்படிக் கெடுத்துருச்சு பாருங்க. நானும் கதை சொல்லிப் பாத்தேன், சிரிப்புக் காட்டிப் பாத்தேன். கண்ணாடியில பாத்தா பன்னெண்டு மூஞ்சியும் ஜன்னலுக்கு வெளிய பாக்குது.

ஒருநாள் அவினாசி தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்துனேன். எறங்குனாங்க. கடைக்குப் பின்னால ஒரு வேப்பமரம், அதுக்குக் கீழ போயி நின்னு பேசறாங்க. சிரிக்கறாங்க! அப்பாசு கையைக் காலை ஆட்டி என்னமோ நடிச்சுக் காட்டறான். அட, பேச்சு வந்துருச்சேன்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. டம்ளரைத் தூக்கிட்டு நானும் போனேன். போயி நின்னனுங்க. பேச்சு நின்னுபோச்சு. அப்பாசு டம்ளருக்குள்ள பாக்கறான். ஒருத்தன் 'கெளம்பலாமாண்ணே'ங்கறான். பெரியவன் நிக்கறப்பச் சின்னப் பசங்களுக்குக் கூச்சமா இருக்குமில்லீங்க? மரியாதை தெரிஞ்ச பசங்க. அதுக்கப்புறம் நான் டீயை வேன்லயே குடிச்சுக்குவேன்.

வேன்ல நின்னது மைதானத்துலயும் நின்னுபோச்சு. இதை ஆரும் எழுதலீங்க, நான் காதால கேட்டது. உள்ள கூட்டத்துச் சத்தம் இருக்குது, எதிரி டீமு சத்தம் இருக்குது, நம்ம பசங்க சத்தம் மட்டும் இல்லை. ஒருத்தனுக்கொருத்தன் ஆருகிட்டப் பேசறது, எது எங்க போகும்னு தெரியாத மாதிரி ஆடுனாங்க. ஒம்பதாவது மேட்சுல நான் உள்ள போயி நின்னு பாத்தேன். அப்பாசு ஒருத்தனைத் தொரத்திட்டு ஓடறான். அவன் கண்ணு படாத பக்கத்துல ஒருத்தன் வந்து செவுரு மாதிரி நிக்கறான். குருவுக்கு நேரா தெரியுது. குரு வாயைத் தொறந்தான். நான் பாத்தேன் தம்பி, தொறந்தான். 'எடது'ன்னு அந்த ஒரு வார்த்தை. வரல. அப்பாசு அந்தச் செவுத்துல போயி மோதி விழுந்தான், தோள்பட்டை எலும்பு போச்சு. கூட்டம் பூரா 'மேனேஜ்மெண்ட்டு ஒழிக'ன்னு கத்துது. நானும் கத்தினேன். ஆமா, அன்னிக்கு நானும் கத்தினேன்.

வரிசையா பத்து மேட்சு தோத்தோம். டீமை மூடிட்டாங்க, வேனை வித்துட்டாங்க. எனக்கு ஒரு சால்வையும் இந்தப் பனியனும் குடுத்தாங்க.

ஊட்டுல நான் மட்டுந்தானுங்க. ஊட்டுக்காரி போயி ஆறு வருசமாச்சு. மக பெங்களூருல. ஞாயித்துக்கிழமை கூப்பிடும். 'சாப்டியாப்பா?' 'சாப்டேன் சாமி.' வச்சுரும். அதும் மேல தப்பில்லை, ரெண்டு கொழந்தைக, வேலை. டிவியைப் போட்டு வச்சிருப்பேன், ஆராவது பேசட்டுமேன்னு. டீமுப் பசங்களுக்குக் கூப்பிட்டா எடுப்பாங்க, 'நல்லா இருக்கேண்ணே, பிராக்டீசுல இருக்கேண்ணே'ம்பாங்க. எப்பக் கூப்பிட்டாலும் பிராக்டீசுதான். உழைக்கற பசங்க.

போன செவ்வாக்கெழமை ஜி.எம். சார் கூப்பிடறாரு! 'ஒரு டீ சாப்பிடலாம் வாங்க'ன்னு. குளிச்சு, சட்டையை இஸ்திரிப் பொட்டி போட்டுட்டுப் போனேன். அதே நாற்காலி. அப்பத்தான் இந்தச் சோலியைச் சொன்னாரு. எனக்கும் ஜெரோமைப் பாக்கோணும்னு ரெண்டு வருசமா ஒரு ஏக்கம். அவன் வாயால ஒரு வார்த்தை கேக்கோணும்னு இருந்துச்சுங்க. என்ன வார்த்தைன்னா, நாம எதனால தோத்தோம்னு. ஊரே சொல்லுது மேனேஜ்மெண்ட்டுன்னு. ஆனா ஊரு சொல்றது வேற, கேப்டன் சொல்றது வேற இல்லீங்களா?

நேத்து மத்தியானம் போயி எறங்குனேன். சர்ச்சு மைதானத்துல பொம்பளப் புள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் குடுத்துட்டு இருந்தான். ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரு வேலை, அதுவும் நிரந்தரமில்லையாம். தூரத்துலயே அவன் சத்தம் கேட்டுச்சு. 'பேசுங்கம்மா! வாயில என்ன கொழுக்கட்டையா? பேசிக்கிட்டே ஆடுங்க!' பழைய ஜெரோமே. நான் கேட்டுக்குள்ள காலு வச்சேன். திரும்பிப் பாத்தான். அப்புறம் விசிலைச் சட்டைப் பையில போட்டுட்டு வந்து என் பையை வாங்கிக்கிட்டான். 'வாங்கண்ணே. வீட்டுக்குப் போலாம்.'

நல்ல மரியாதைங்க. அவன் சம்சாரம் பிலோமினா சுடுதண்ணி வச்சுக் குடுத்துச்சு. கட்டிலை எனக்கு விட்டுட்டு அவங்களும் ரெண்டு புள்ளைகளும் கீழ படுத்தாங்க. காலையில இட்லி, கறிக்குழம்பு. அந்தப் பொண்ணு என் தட்டுல குழம்பை ஊத்திக்கிட்டே, 'கோயமுத்தூருல அந்த வேலை விசயமா ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களாண்ணே? இவரு ரெண்டு வருசமா... அன்னைக்கு நீங்க மட்டும்...'னு ஆரம்பிச்சுது. 'பிலோ, அண்ணனுக்கு இன்னும் ரெண்டு இட்லி கொண்டா'ன்னு ஜெரோம் சொல்லிட்டான். அது உள்ள போயிருச்சு. 'நீங்க மட்டும்'னா என்னன்னு தெரியலீங்க. நான் மட்டும் அன்னிக்கு அவனைப் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி விட்டேன்ல, அதைச் சொல்ல வந்திருக்கும்.

ஆனா ஒண்ணுங்க. நான் போனதுல இருந்து அவன் பேச்சு ஒரு மாதிரி. 'மழை பேஞ்சுதா?'ன்னா, 'பேஞ்சுதுண்ணே.' 'அப்பாசு எப்படி இருக்கான்?'னா, 'இருக்காண்ணே.' 'குரு?' 'ம்.'

கை கழுவப் போறப்பக் கேட்டே போட்டேன். 'ஜெரோமு, ஒரே ஒண்ணு சொல்லு. நாம எதனாலப்பா தோத்தோம்?'

கையைக் கழுவுனானுங்க. ரொம்ப நேரம் கழுவுனான். கறிக்குழம்பு எண்ணெய், போகாது. அப்புறம் துண்டுல தொடச்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பாத்தான். 'மேனேஜ்மெண்ட்டுதாண்ணே'ன்னான்.

'மேனேஜ்மெண்ட்டுதான?'

'மேனேஜ்மெண்ட்டுதாண்ணே. வேற யாரு மேலயும் தப்பில்ல. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காம நிம்மதியா இருங்க.'

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. கேப்டன் வாயாலயே வந்துருச்சு! ரெண்டு வருசமா நெஞ்சுல கெடந்த கல்லு எறங்குன மாதிரி. எனக்கு எதுக்கு நெஞ்சுல கல்லுன்னு கேக்காதீங்க. டீமு தோத்தா டிரைவருக்கு இருக்காதுங்களா?

பஸ்சுக்குக் கூட்டிட்டு வந்தான். சீட்டுப் புடிச்சு, தண்ணி வாங்கிக் குடுத்து, எறங்கப் போனவன் திரும்பி வந்தான். இந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, மெதுவாச் சொன்னான். 'அண்ணே, ஜி.எம். கேட்டாருன்னா, நான் சொன்னத அப்படியே சொல்லிருங்க. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.' எறங்கிப் போயிட்டான்.

தேனி வர்ற வரைக்கும் எனக்கு அது உறைக்கலீங்க. அங்க நீங்க ஏறிப் பனியனைப் பாத்துக் கேட்டதும் பேச ஆரம்பிச்சு, அதை மறந்துட்டேன். இப்பச் சொல்லச் சொல்லத்தான்... ஜி.எம். அனுப்புனாருன்னு நான் அவன்கிட்ட மூச்சு விடலை தம்பி. சத்தியமா விடலை. பாக்கோணும்னு தோணுச்சு, வந்தேன்னுதான் சொன்னேன். அப்புறம் எப்படித் தெரியும் அவனுக்கு?

தெரியுமுன்னு வச்சுக்கங்க. தெரிஞ்சும் ஏனுங்க என் மூஞ்சிக்கு நேரா மேனேஜ்மெண்ட்டுதான்னு சொன்னான்? அதைக் கொண்டுபோயிச் சொன்னா இவனுக்குக் கோவம் தீரலைன்னு அவன் பேரை அடிச்சுருவாங்களே. நிரந்தரமில்லாத வேலை, அந்தப் பொண்ணு அப்படிக் கேக்குது, ரெண்டு புள்ளைக. வேற ஏதாச்சும் சொல்லியிருக்கலாமே? 'எல்லாம் மறந்தாச்சுண்ணே'ன்னு ஒரு பேச்சு, ஊருக்குச் சொல்ற மாதிரி. நான் கேட்டதுக்காகவா சொன்னான்? என்னை நிம்மதியா இருன்னு சொல்லோணும்னா... நான் எதுக்கு நிம்மதியில்லாம இருக்கேன்னு அவன் நெனச்சான்?

இல்லீங்க, நீங்க சொல்லாதீங்க. சும்மா இருங்க. நான் யோசிக்கறேன்.

அங்க பாருங்க, பழனி மலை தெரியுது.

போனு... ஒரு நிமிசம் தம்பி. அவருதான்.

ஆங், சொல்லுங்க சார். வணக்கமுங்க... பஸ்சுலதானுங்க, பழனிகிட்ட வந்துட்டேன்... பாத்தனுங்க. நல்லா இருக்காருங்க. சம்சாரம், கொழந்தைக எல்லாம் சௌக்கியம்... ஆமாங்க, நேத்தே போயிட்டேன். அங்கதான் படுத்தேன். கறிக்குழம்பு வச்சாங்க... கோவமுங்களா?

...

இல்லீங்க சார், கேக்குதுங்க... கோவமுங்களா. அதைப்பத்தி... பேச்சே வரலீங்க. மழை பேஞ்சதைப் பேசுனோம். பொம்பளப் புள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் குடுக்கறாரு, அதைப் பாத்தேன். நல்லா சொல்லிக் குடுக்கறாருங்க... டீமைப் பத்தியுங்களா? ஒண்ணும் சொல்லலீங்க... இல்லீங்க... என்னமோ சொன்னாரு, காதுல சரியா விழுகலீங்க சார். வயசாச்சு. காது இப்பெல்லாம் முன்ன மாதிரி இல்லீங்க... ம்... ம்... சரிங்க சார்... திங்கக்கெழமை டீக்கு வரட்டுங்களா... ஓ, சரிங்க, வேண்டாமுங்க, பரவால்லீங்க. வெச்சுரட்டுமுங்களா?

...

என்னமோ நீங்க டயர்டா இருப்பீங்க, ரெஸ்ட் எடுங்கன்னாரு. முன்னெல்லாம் திங்கக்கெழமைன்னா வாங்கம்பாரு. இந்த வாரம் வேலை ஜாஸ்தி போல. அடுத்த வாரமும் இருக்கும்.

வேலை கெடைக்குமா கெடைக்காதான்னு எனக்குத் தெரியாதுங்க. மூணு பேருல ஒருத்தனுக்குத்தான் குடுப்பாங்க. என் வாயில அது வரலை, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருசத்துல அந்தக் கட்டடத்துக்காரங்ககிட்ட நான் சொன்ன மொதப் பொய்யுங்க தம்பி.

மேனேஜ்மெண்ட்டுதான் காரணம். அதுல மாத்தமில்லீங்க. ஆனா இனிமேல் ஆராவது பனியனைப் பாத்துக் கேட்டா, எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்.

பாருங்க, தேனியில இருந்து நானே பேசிட்டு வரேன். நீங்க 'ம்', 'ம்'னு கேட்டுட்டே வரீங்க. உங்க பேரு கூட நான் கேக்கலை. எந்த ஊரு, என்ன வேலை, எதுக்குக் கோயமுத்தூரு வரீங்க, மொகம் ஏன் அப்படி வாடிக் கெடக்குது, ஒண்ணும் கேக்கலை. உடுமலை, பொள்ளாச்சி தாண்டோணும், இன்னும் ரெண்டரை மணி நேரமிருக்கு. சொல்லுங்க தம்பி. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.

ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்.